எள்ளா, கொள்ளா? ஒல்லி உடம்பும் தொப்பையும்

கேள்வி, 8 ஜூன் 2025

வயசு 23, உயரம் 168 செ.மீ., எடை 62. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. தொப்புளைச் சுற்றி அளந்தால் 87 செ.மீ. கரூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன், மெஸ் சாப்பாடு. ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மாஸ்டர் "நல்லா சாப்பிட்டு முதல்ல எடை ஏத்து, அப்புறம் கொழுப்பை வெட்டிக்கலாம்" என்கிறார். ரூம்மேட் "முதல்ல தொப்பையை இறக்கு" என்கிறான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பாட்டி சொல்லும். நான் இரண்டுமாக இருக்கிறேனே அண்ணா, எனக்கு எது?

8 ஜூன், இரவு

தம்பி, "ஏத்து, அப்புறம் வெட்டு" மட்டும் வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்தவன்.

2019-ல் எனக்கு 30 வயது. 170 செ.மீ., 61 கிலோ, தொப்புள் சுற்றளவு 83. ஜிம்மில் சொன்னதைக் கேட்டு ஐந்தே மாதத்தில் 73 கிலோவுக்குப் போனேன். காலையில் வாழைப்பழம் போட்டு அடித்த பால். பத்து மணிக்குப் பட்டறையில் டீயோடு இரண்டு வடை. மதியம் இரண்டு ஆள் சோறு. ஜிம் முடிந்து வரும்போது நாலு பரோட்டா, ஒரு கலக்கி. சட்டை தோளில் இறுகும் என்று காத்திருந்தேன், வயிற்றுப் பொத்தானில் இறுகியது. சுற்றளவு 94.

அப்புறம் நாலு மாதம் அரைப்பட்டினி கிடந்து 64-க்கு இறக்கினேன். பென்ச்சில் மல்லாந்து படுத்து 60 கிலோ தூக்கியவன் 45-க்கு வந்துவிட்டேன். சுற்றளவு 86-ல் நின்றது. ஒன்பது மாத உழைப்பில் மிஞ்சியது மூன்று கிலோ, அதுவும் வயிற்றில்.

9 ஜூன்

நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யூட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பின் கதை முழுக்க அந்த ஒரு படத்தில் இருக்கிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன் தம்பி, உங்களுக்கும் 22 வருகிறது.

என் அப்பா 63 கிலோவைத் தாண்டியதே இல்லை. 44 வயதில் சர்க்கரை வந்தது. "இத்தனை ஒல்லியா இருக்கறவருக்கு எப்படிங்க சர்க்கரை?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வேட்டி முடிச்சுக்கு மேலே ஒரு சின்னப் பானை மாதிரி வயிறு இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.யைத் தொட்டால் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் 23 வயதில் 87. எடை ஏத்து என்று உங்களுக்குச் சொன்னதைப் படித்ததும் பதறியது அதனால்தான்.

சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசை. குச்சிக் கை, குச்சிக் கால் என்றால் களஞ்சியம் சின்னது.

அதனால் என் பதில்: இப்போது எள்ளு வேண்டாம். எடையை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். இன்று சாப்பிடும் கலோரியிலேயே நின்று, அதற்குள் புரதத்தைக் கூட்டுங்கள், தூக்கும் எடையைக் கூட்டுங்கள். புதிதாகத் தூக்க ஆரம்பித்தவர்களுக்கு முதல் சில மாதம் தசை ஏறுவதும் கொழுப்பு இறங்குவதும் சேர்ந்தே நடக்கும். அந்தக் காலத்தைத்தான் நான் பரோட்டாவில் தொலைத்தேன்.

9 ஜூன், மறுபடி

அளப்பது பற்றி. டெய்லர் கடை டேப் போதும், பத்து ரூபாயோ இருபது ரூபாயோ. காலையில் கழிவறை போய் வந்து, தண்ணீர் குடிக்கும் முன், தொப்புளுக்கு நேராக. மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை இழுக்காமல். டேப் முதுகுப்பக்கம் கீழே சரியக்கூடாது, கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். வாரம் ஒரு முறை போதும். எடையை மட்டும் தினமும் பார்த்து வாரச் சராசரி எடுங்கள். நான் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி, கிழித்ததை எல்லாம் ஒரு கவரில் போட்டு வைப்பேன்.

12 ஜூன்

எவ்வளவு புரதம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-ல் சொன்ன அளவு கிலோவுக்கு 0.83 கிராம். அது சாதாரணமாக ஆரோக்கியமாக இருப்பதற்கு. எடை தூக்கித் தசை வளர்க்கிறவர்களுக்கு 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு கணக்கு வந்தது, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம். அதற்கு மேலே போனால் சராசரியாகப் பெரிய லாபம் தெரியவில்லை. 62 கிலோவுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முட்டை 18. பால் அரை லிட்டர் 16. எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 150 கிராம் (பச்சையாக நிறுத்தது) 33. பருப்பு ஒரு கிண்ணம் 20. சோறு, இட்லி, சப்பாத்தியில் நாள் முழுக்க 15. மொத்தம் 102, முடிந்தது.

ஆவினில் நீல பாக்கெட் வாங்குங்கள். அதில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. புரதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

14 ஜூன்

முந்தாநாள் எழுதியதில் பெரிய தப்பு. பருப்பு 20 என்று போட்டிருந்தேன். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் என்பது வேகாத பருப்புக்கு. நேற்று ராத்திரி சமையலறைத் தராசை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். நூறு கிராம் பருப்பு வெந்து மசிந்ததும் முந்நூறு கிராமைத் தாண்டியது. கெட்டியாக ஒரு கிண்ணம் எடுத்தாலே புரதம் பத்துக்குள்தான். அதே பருப்பில் புளி கரைத்து, தண்ணீர் விட்டு, முருங்கைக்காய் போட்டுச் சாம்பார் ஆக்கிவிட்டால் ஒரு கரண்டிக்கு மூன்று கிராம் இருந்தால் பெரிது. உங்கள் மெஸ் சாம்பாரில் அதுவும் இருக்காது.

"தினமும் பருப்பு சாப்பிடுகிறோம், புரதத்துக்கு என்ன குறை" என்று நானே பல வருஷம் நம்பியிருந்தேன்.

ஆக 17 கிராம் குறைகிறது. இங்கேதான் உங்கள் பாட்டியின் கொள்ளு வருகிறது. கொள்ளு 50 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 11. இன்னொரு முட்டை 6. சரியாகப் போய்விட்டது.

15 ஜூன்

பழமொழியை விடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொள்ளில் எண்ணெய் ஒரு சதவீதம்கூட இருக்காது, புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தராசும் கலோரிப் பட்டியலும் இல்லாத காலத்தில், யாருக்கு எது என்று ஒரு வரியில் பிரித்து வைத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு வாரம் இரண்டு நாள். அம்மா கொள்ளை வேகவைத்து, தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சீரகம், மல்லி, வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு ஆட்டுக்கல்லில் ஒன்றிரண்டாக ஆட்டுவார்கள். ரொம்ப மசிந்தால் கோபம் வரும். சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தால் குழம்பே வேண்டாம். ரூமில் ஆட்டுக்கல்லுக்கு எங்கே போவது, நீங்கள் சுண்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

22 ஜூன்

எண்ணெய். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் சமைப்பவர்கள் கரண்டியை அளக்க வேண்டியதில்லை. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோம், எத்தனை பேர் என்று பார்த்தால் போதும். நாங்கள் நாலு பேர், 2019-ல் மாதம் நாலு லிட்டர். ஆளுக்கு ஒரு லிட்டர், நாளுக்கு முப்பது கிராம், அதாவது 270 கலோரி. வெளியே தின்ற வடையும் பரோட்டாவும் இதில் சேராது. இப்போது இரண்டரை லிட்டர் வாங்குகிறோம். யாரும் ருசி போய்விட்டது என்று சொல்லவில்லை, அம்மா ஒரு வாரம் சொன்னார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

மெஸ்ஸில் எண்ணெய் உங்கள் கையில் இல்லை. அதனால் மெஸ்ஸில் சோறு, ரசம், மோர், காய் மட்டும் எடுத்துக்கொண்டு புரதத்தை ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கெட்டிலில் முட்டை வேகும். நாமக்கல் பக்கத்தில் இருக்கிறது, முட்டைக்கு என்ன பஞ்சம். மெஸ் சிக்கன் வறுவலை நம்ப வேண்டாம். பள்ளிபாளையம் சிக்கன் எனக்கு உயிர், அந்த எண்ணெயும் தேங்காய்ப் பல்லும் சேர்ந்தால் புரதக் கணக்கைவிடக் கொழுப்புக் கணக்குதான் முந்தும். மாதம் ஒரு நாள், மனசு நிறையச் சாப்பிடுகிறேன்.

29 ஜூன்

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. முட்டையின் புரதத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மஞ்சளில் இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் பத்து இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். எடை தூக்கிய பின் முழு முட்டையில் 18 கிராம் புரதம், இன்னொரு நாள் வெள்ளைக் கருவில் அதே 18 கிராம். முழு முட்டை தின்றபோதுதான் தசையில் புரதம் கூடுதலாகச் சேர்ந்தது. நான் ஒரு வருஷம் மஞ்சளை நாய்க்குப் போட்டேன்.

ஒரு மஞ்சள் கருவுக்கு 5 கிராம் கொழுப்பு, அதையும் கணக்கில் வையுங்கள். நாலு முழு முட்டை போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெள்ளை. வீட்டில் கொலஸ்ட்ரால், இதயக் கோளாறு இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

3 ஜூலை

மாஸ்டர் மாஸ் கெய்னர் (எடை ஏற்றும் பொடி) டப்பா வாங்கச் சொல்கிறாராம். நானும் வாங்கினேன், 2019-ல். மூன்று கிலோ டப்பா, அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தீர்ந்த பிறகு அரிசி போட்டு வைக்கலாம் என்று கழுவும்போதுதான் பின்பக்க எழுத்தைப் படித்தேன். நூறு கிராமில் புரதம் 15, மாவுச்சத்து 78. முதலில் போட்டிருந்த பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடிதான். அந்தக் காசுக்கு எத்தனை தட்டு முட்டை வாங்கியிருக்கலாம்.

வே புரோட்டீன் வேறு, அது பாலிலிருந்து வருவது, ஒரு ஸ்கூப்புக்கு 24 கிராம் வரை இருக்கும். கட்டுப்படியானால் வாங்குங்கள், கட்டாயம் இல்லை.

சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுத்ததாக ஆய்வில் காணவில்லை. சர்க்கரை இருந்தால், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) கூடியிருந்தால், அவர்கள் கதை வேறு. என் அப்பாவுக்கு நான் 1.6 கொடுப்பதில்லை, மருத்துவர் சொன்ன அளவுதான்.

20 ஜூலை

"ஆறு வாரமாச்சு அண்ணா, எடை 62-லிருந்து 61.8. வீணாப் போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே ஒரு வரியில், ஏதோ சாதாரண விஷயம் மாதிரி, சுற்றளவு 84.5 என்றும் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 30-லிருந்து 50 கிலோ என்றும் போட்டிருக்கிறீர்கள். தம்பி, அந்த ஒரு வரிதான் விஷயமே! எடை அசையாமல் வயிறு இரண்டரை செ.மீ. உள்ளே போயிருக்கிறது, கால் இருபது கிலோ கூடுதலாகத் தூக்குகிறது. உள்ளே சரக்கு மாறியிருக்கிறது, மூட்டையின் எடைதான் மாறவில்லை.

2016-ல் கனடாவில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், கூடுதல் எடையுள்ள 40 இளைஞர்களுக்கு நாலு வாரம் சாப்பாட்டை 40 சதவீதம் குறைத்து, கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் தின்ற பாதிப் பேர் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பில்லாத எடையை 1.2 கிலோ கூட்டினார்கள். 1.2 கிராம் தின்றவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ இறங்கியது, கொழுப்பில்லாத எடை கூடவில்லை. அந்த மாதிரிப் பட்டினி உங்களுக்கு வேண்டாம். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. அமராவதிக் கரையில் இருக்கிறீர்கள், காவிரியும் பக்கம்தான். சித்ரான்னத்தை நிறையச் சாப்பிடுங்கள். ஒரு நாள் விருந்தில் தொப்பை வராது. மறுநாள் எடை ஒரு கிலோ கூடக் காட்டினால் பதற வேண்டாம், உப்பும் சோறும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் அது, மூன்று நாளில் போய்விடும்.

17 செப்டம்பர்

புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த ஒரு மாதம் தசை போய்விடும் என்று ஜிம்மில் பாதிப் பேர் புலம்புகிறார்கள். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. எனக்குப் போன புரட்டாசியில் ஒரு கிராம் குறையவில்லை.

மீல்மேக்கர் 50 கிராம், உலர்ந்த எடையில், 26. பால் அரை லிட்டர் 16. பன்னீர் 100 கிராம் 18. கொள்ளு 50 கிராம் 11, பச்சைப்பயறு 50 கிராம் 12. அரிசி, கோதுமையில் 18. மொத்தம் 101. பன்னீரில் கொழுப்பும் இருபது கிராமுக்கு மேல் வரும், ஆகவே அந்த மாதம் தாளிக்கும் எண்ணெயில் கை இறுக்கம்.

மீல்மேக்கரை வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு, இன்னொரு தண்ணீரில் மறுபடி பிழியுங்கள். அந்த வாடை போய்விடும். அது சோயா, ஆண் ஹார்மோனைக் குறைக்கும் என்ற பயம் வேண்டாம். ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பொட்டுக்கடலை நல்லது, நிலக்கடலையில் கவனம். நிலக்கடலையில் புரதம் கால் பங்கு, எண்ணெய் பாதி. கொறித்துக்கொண்டே இருந்தால் நூறு கிராம் போவது தெரியாது, 560 கலோரி ஏறியிருக்கும்.

20 அக்டோபர்

தீபாவளி வாழ்த்துகள். அதிரசம் இரண்டு. முறுக்கு எண்ணவில்லை.

9 நவம்பர்

மூன்று நாளாக உங்கள் குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடை 61.4, சுற்றளவு 80.5, ஸ்குவாட் 75. ஆனால் செப்டம்பர் கடைசியிலிருந்து தூக்கும் எடை எதுவும் ஏறவில்லை. ராத்திரி பசியில் விழிப்பு வருகிறது என்கிறீர்கள், காலையில் உடம்பு கனமாக இருக்கிறதாம். இதை நான் அக்டோபர் ஆரம்பத்திலேயே பிடித்திருக்க வேண்டும். "அசையாமல் நில்லுங்கள்" என்று சொன்னதை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. தொப்பை பயம் என்னையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அப்பா முகம் முன்னால் வந்துவிடுகிறது. அதை உங்கள் தட்டில் ஏற்றிவிட்டேன்.

நேரம் வந்துவிட்டது தம்பி. இப்போது எள்ளு.

ஆனால் கொஞ்சம்தான். நார்வே நாட்டு முன்னணி விளையாட்டு வீரர்களை வைத்து 2013-ல் வந்த ஆய்வில், ஒரு அணிக்கு ஆலோசனை கொடுத்து நாளுக்கு ஐந்நூறு அறுநூறு கலோரி கூடவே சாப்பிட வைத்தார்கள். மற்ற அணி இஷ்டப்படி சாப்பிட்டது. தசையில் நம்பத்தக்க வித்தியாசம் வரவில்லை. கொழுப்பு முதல் அணிக்கு 15 சதவீதம் கூடியது, இரண்டாவது அணிக்கு 3. தசை தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும், நாம் திணிப்பது வயிற்றுக்குப் போகும்.

உங்களுக்கு நாளுக்கு 200 கலோரி கூட. எங்கள் வீட்டு எள்ளுருண்டையை நிறுத்துப் பார்த்தேன், ஒன்று 20 கிராம். இரண்டு உருண்டை ஏறக்குறைய 200. ஜிம்முக்குப் போகும் முன் ஒன்று, ராத்திரி பாலோடு ஒன்று. புரதம் அதே நூறு. மாதம் 600 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் ஏறணும். சுற்றளவு 83-ஐத் தொட்டால் உருண்டையை நிறுத்தி, பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

நான் 2021-லிருந்து இப்படித்தான் போனேன். 64-லிருந்து 70-க்கு வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது, சுற்றளவு 83. மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் போன தீபாவளிக்கு எடுத்த சட்டை தோளில் இறுகுகிறது.

10 நவம்பர்

ஒன்று விட்டுப்போனது. கிரியேட்டின் (தசைக்குச் சக்தி கொடுக்கும் பொடி) இந்த வாரம் ஆரம்பிப்பதாக எழுதியிருந்தீர்கள். நாளுக்கு 3 முதல் 5 கிராம் நல்லதுதான். ஆனால் அது தசைக்குள் தண்ணீரை இழுக்கும், முதல் வாரங்களில் ஒரு கிலோ வரை எடை கூடலாம். எள்ளும் அதுவும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது எதனால் என்று நமக்குத் தெரியாது. கிரியேட்டினை ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

7 டிசம்பர்

61.9, சுற்றளவு 80.5, ஸ்குவாட் 82.5. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பையனுக்கு உருண்டை யார் பிடிச்சுத் தர்றாங்க?" என்று கேட்டார்கள். கடையில் வாங்குவதாக எழுதியிருந்தீர்கள், அதையும் சொன்னேன். கடை உருண்டையில் வெல்லப்பாகு தூக்கலாக இருக்குமாம்.

21 டிசம்பர்

62.3 சரி, எதிர்பார்த்ததுதான். சுற்றளவு 82 என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் ஒன்றரை செ.மீ. ஏறுவதற்கு இந்த 400 கிராம் பத்தாது. சாப்பிட்ட பிறகு அளந்தீர்களா, இல்லை டேப் முதுகில் சரிந்ததா? நாளைக் காலையில் கண்ணாடி முன் நின்று மறுபடி பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. அதுவரை உருண்டைக் கணக்கை மாற்ற வேண்டாம், நாளுக்கு இரண்டு அப்படியே இருக்கட்டும்.